துலக்கிய வெள்ளிக்காசு

ஹவ்லெட் வீட்டு அடுக்களை மேசையில் பழைய போர்வையை இரண்டாக மடித்து விரித்து, அதன்மேல் வெள்ளி முள்கரண்டிகளைக் கிடத்தி, ஒவ்வொன்றாக எடுத்துத் துலக்கிக்கொண்டிருந்தாள் ரோவீனா. முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவில் என்றோ தின்ற முட்டையின் கறை கறுப்பாக ஏறியிருந்தது. துலக்கும் பசை தொட்ட துணியை நூல் மாதிரித் திரித்து அந்த இடுக்குகளில் விட்டு இழுத்தாள். வீட்டுப் பெண் இமோஜெனுக்கு வருகிற சனிக்கிழமை கல்யாணம். வருஷக்கணக்காக அலமாரியில் தூங்கிய வெள்ளிச் சாமான்கள் எல்லாம் அதற்குள் முகம் பார்க்கிற மாதிரி ஆகிவிட வேண்டும்.

பின்கட்டுக் கதவு வழியாக டெஸ்மண்ட் ஹவ்லெட் வந்தார். பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு, கட்டைவிரல் எட்டிப் பார்க்கும் காலுறையோடு மேசையருகே வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்து, பஞ்சுக்குள் இருந்ததைப் போர்வைமேல் கவிழ்த்தார்.

“அப்படியே இதையும் ஒரு தேய் தேய்ச்சிடு, ரோவீனா.”

ரோவீனாவின் கை நின்றுவிட்டது.

அது அவள் கண்டெடுத்த காசு. இந்த மாசத் தொடக்கத்தில், பார்லி அறுத்து முடிந்த வயலில், தாளடிக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் கிடைத்தது. வில்லியம் ராஜா காலத்து ஆறு பென்ஸ் வெள்ளிக்காசு. முந்நூறு வருஷத்துக்கு மேல் மண்ணில் கிடந்தது. அடுப்புக்கரி மாதிரிக் கறுத்திருந்தது. போதாததற்கு இரண்டு இடத்தில் எதிரும் புதிருமாக வளைந்து, பக்கவாட்டில் பார்த்தால் பாம்பு நெளிகிற மாதிரி இருந்தது. கண்டெடுத்த அன்றே கொண்டுவந்து டெஸ்மண்டிடம் கொடுத்தாள். அவள் கொண்டுவரும் மற்றதையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு ‘நீயே வெச்சுக்கோ’ என்று தள்ளிவிடுகிறவர், இதை மட்டும் கையில் வாங்கிக்கொண்டார்.

“இதைத் துலக்கக் கூடாது டெஸ்மண்ட்.”

“ஏன், கடிக்குமா?”

“அந்தக் கறுப்புதான் அதுக்குத் தோல். உரிச்சா திரும்ப வராது. இந்தப் பசையில மணல் இருக்கு, ராஜா மூக்கையே தேய்ச்சு எடுத்துடும்.”

“அவருக்கு மூக்கு கொஞ்சம் பெருசுதான். குறைஞ்சா பரவாயில்ல.” டெஸ்மண்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இதோ பாரு. கல்யாணப் பொண்ணு இடது செருப்புக்குள்ள வெள்ளி ஆறு பென்ஸ் போடணும். அப்பன்தான் போடணும். என் அம்மாவுக்கு அவ அப்பன் போட்டான். இமோஜெனுக்கு நான் போடறேன். நம்ம நிலத்துக் காசு. ஆனா இப்படிக் கரித்துண்டு மாதிரி கொண்டுபோனா வெள்ளைச் செருப்பு என்ன ஆகும்? இந்த வளைவோட போட்டா புள்ள நொண்டிக்கிட்டுல்ல போவா.”

“அந்த வளைவு தானா ஆனதில்ல. அந்தக் காலத்துப் பசங்க புதுக் காசை இப்படி வளைச்சு, மனசுக்குப் பிடிச்ச பொண்ணு கையில குடுப்பாங்க. அவளுக்குப் பிடிச்சா வெச்சுக்குவா. இல்லேன்னா தூக்கி எறிஞ்சுடுவா.”

“அப்போ என் வயல்ல எறிஞ்சிருக்கா. எங்க பாட்டன் பூட்டன் எவனோ ஒருத்தன் அன்னிக்குச் சாப்பிடாம படுத்திருப்பான்.” அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் காசைப் பார்த்தார். “பந்தல் அவ புருஷன் போடறான். பூ அவன். கார் அவன். பேண்டு வாசிக்கிறவனுங்ககூட அவன் ஏற்பாடு. என் பக்கத்துல என்ன இருக்கு சொல்லு.”

‘அவ’ என்றது அவரைவிட்டுப் போன மனைவியை. அவள் கேம்பிரிட்ஜில் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு வசதியாக இருக்கிறாள். பெண் கல்யாணத்துக்கு இருவருமாக வருகிறார்கள். ரோவீனா காசை எடுத்துத் தீப்பெட்டிப் பஞ்சில் வைத்து மூடினாள்.

“வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கறேன்” என்றாள்.

“பளபளன்னு இருக்கணும். தட்டையா இருக்கணும். வெள்ளிக்கிழமை கொண்டா.” எழுந்தவர் கதவருகே திரும்பினார். “அடுத்த வாரம் கோதுமை அறுப்பு. சாப்பல் வயல் காலியாகப் போகுது. உனக்குத்தான் அது மேல கண்ணாச்சே.”

அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. ஆனாலும் ரோவீனாவுக்கு அது அப்படித்தான் கேட்டது.

ரோவீனா லார்ட்டருக்கு ஐம்பத்தெட்டு வயது. நார்ஃபோக்கில் அந்த ஊருக்கு நாலு மைல் தள்ளிப் பிறந்தவள். அதற்கு மேல் தூரமாகக் குடியிருந்ததில்லை. பிறர் வீடுகளைப் பெருக்கித் துடைத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்து வெளியூர் அனுப்பினாள். ஹவ்லெட் வீட்டுக்குச் செவ்வாயும் வெள்ளியும். மற்ற நாள்களில் பாதிரியார் வீடு, ஒரு ஓய்வுபெற்ற தம்பதி வீடு. அவள் வயலில் காசு தேடும் மெட்டல் டிடெக்டர் அவளுக்காக வாங்கியதல்ல. அவள் கணவன் கிளைவ் சர்க்கரை ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து அவனுக்குப் பரிசாகக் கொடுத்தது. இரண்டே நாள் வயலில் குனிந்து தோண்டியதும் அவன் முதுகு பிடித்துக்கொண்டது. சும்மா கிடக்கிறதே என்று அவள் எடுத்துப் போனாள். அதன்பிறகு அவன் கைக்கு அது திரும்பவில்லை.

வயலில் அவளை யாரும் கூப்பிடுவதில்லை. காதில் மாட்டிய ஒலிக்கருவி, அதற்குள் கரகரப்பு, நடுவில் திடீரென்று ஒரு நல்ல சத்தம். பெரும்பாலும் தகரம், தோட்டாக் குப்பி, எந்தச் சட்டையிலிருந்தோ விழுந்த பொத்தான். எப்போதாவது காசு. முதல் வருஷம் கிடைத்த ரோமானியச் செப்புக்காசை வினிகரில் ஊறப்போட்டாள். காலையில் பார்த்தபோது முகமும் இல்லை, எழுத்தும் இல்லை, வெறும் சிவப்பு வட்டம். அன்றிலிருந்து எதையும் துலக்குவதில்லை. மண்ணோடு எடுத்துவந்து, வெறும் தண்ணீரில் முக்கி, பஞ்சில் வைத்துவிடுவாள். “ஊர் வீட்டையெல்லாம் தொடைக்கிறவ சொந்தக் காசைத் தொடைக்க மாட்டேங்கறா” என்று கிளைவ் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

வயலில் தேடுகிற விஷயத்தில் நிலக்காரர் சொல்கிற ‘சரி’ ஒன்றுதான் பட்டா. எழுத்து கிடையாது. கிடைத்ததில் பாதி அவருக்கு, பாதி தேடுகிறவருக்கு என்பது பேச்சு. மண்ணுக்குள்ளிருந்து என்ன வந்தது என்பது தேடுகிறவருக்குத்தான் தெரியும். அவர் காட்டினால்தான் நிலக்காரர் பார்ப்பார். பக்கத்து ஊரில் ஒருவன் பொத்தானையும் ஈயக்குண்டையும் நிலக்காரரிடம் காட்டிவிட்டு, தங்கக்காசை லண்டனில் ஏலம் விட்டான். அது வெளியே தெரிந்த வருஷம் அந்த வட்டாரத்தில் பல வயல்கள் சாத்திக்கொண்டன. டெஸ்மண்ட் சாத்தவில்லை. “என் வீட்டு அலமாரி முழுக்க உன் கையிலதான் இருக்கு, அங்க எடுக்காதவ வயல்ல எடுக்கப் போறியா” என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் நடந்துகொண்டிருந்தாள்.

அந்த நிலத்தில் சாப்பல் வயலை மட்டும் அவள் இன்னும் மிதித்ததில்லை. ஒரு காலத்தில் அதன் மூலையில் சின்ன ஜெபவீடு இருந்ததாம். சுற்று ஊர் ஜனம் எல்லாம் அந்த வழியாக நடந்து வந்திருக்கிறது. நடந்தவர்கள் பையிலிருந்து விழுந்தவையெல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும். ஆனால் அதில் எப்போது பார்த்தாலும் சர்க்கரை பீட் கிழங்கு, அது முடிந்தால் உடனே வேறேதாவது. இந்த வருஷம்தான் கோதுமை. அறுப்புக்கும் அடுத்த உழவுக்கும் நடுவில் சில வாரங்கள் வயல் வெறுமையாகக் கிடக்கும். அதற்காகத்தான் அவள் வசந்த காலத்திலிருந்து காத்திருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் சங்கத்து நைஜலுக்குப் போன் செய்தாள். தேடுகிறவர்கள் சங்கத்தில் நைஜல் சொல்வதற்கு மறுபேச்சு இல்லை.

“வளைச்ச காசைத் தட்டையாக்கறதா?” என்றான் நைஜல். “ஏம்மா, தாலாட்டுத் தொட்டிலை உடைச்சு அடுப்பெரிக்கவும் சொன்னாரா உன் டெஸ்மண்ட்?”

“கல்யாணத்துக்குக் கேக்கறார் நைஜல்.”

“கடையில புதுசா விக்குது, வாங்கிப் போடச் சொல்லு. இல்ல, நார்விச் மியூசியத்துப் பொண்ணுகிட்டக் காட்டிட்டாவது செய். அவ படம் எடுத்து, எடை போட்டு, குறிச்சு வெச்சுக்குவா. அப்புறம் யார் கேட்டாலும் இதுதான் அதுன்னு சொல்லலாம்.”

“அவ சங்கத்துக்கு வர்றது கல்யாணம் முடிஞ்ச அடுத்த வாரம்.”

“அப்போ கல்யாணத்தைத் தள்ளிப் போடச் சொல்லு” என்று சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டான்.

நார்விச்சுக்கு பஸ் ஏறிப் போய் அந்தப் பெண்ணைப் பார்க்கலாமா என்று ரோவீனா யோசித்தாள். புதன் பாதிரியார் வீடு. வியாழன் அந்தத் தம்பதி வீடு. அங்கே அவர்களுடைய மகள் குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தாள். ஒரு ஆறு பென்ஸுக்கு இவ்வளவு ஓட்டமா என்றும் தோன்றியது. போகவில்லை.

வியாழன் மாலை கிளைவ் கொட்டகையில் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தான். ரோவீனா தீப்பெட்டியை முன்னால் வைத்தாள்.

“துலக்கறதா வேண்டாமான்னு மூணு நாளா மென்னுக்கிட்டு இருக்கே” என்றான். “அவரு காசு, அவரு பொண்ணு, அவரு செருப்பு. நமக்கு என்ன?”

“பாதி என் காசு.”

“அப்போ பாதியை மட்டும் தட்டையாக்கிடுவோம்.”

“விளையாடாத கிளைவ். பழைய வெள்ளி, படக்குன்னு ரெண்டா போயிட்டா?”

“சூடு காட்டிட்டு நிமித்தினா போகாது. ஆலையில எத்தனை குழாய்க்கு வெள்ளியை உருக்கி ஒட்டு போட்டிருக்கேன். முட்டையைக் கையில வெச்சிருக்கிறவ மாதிரி நிக்காத, நகரு.”

முதலில் அவள் போனில் படம் எடுத்துக்கொண்டாள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. கொட்டகை விளக்கில் அது காசு மாதிரியே இல்லை. வாடிப்போன இலைச் சருகு மாதிரி இருந்தது.

கிளைவ் காசைச் செங்கல்மேல் வைத்து ஒட்டு போடும் விளக்கின் சுடரைக் காட்டினான். கறுப்பு இன்னும் கறுத்து, அப்புறம் உள்ளுக்குள் மங்கலாகச் சிவந்தது. “போதும், போதும்” என்றாள். ஆறவைத்து, இரண்டு பக்கமும் தோல் வைத்து, மரக்கட்டைக்கு நடுவில் வைத்து இடுக்கியில் கொடுத்து, அவன் அதன் திருகாணியை மெதுவாக முடுக்கினான். ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள், உடைகிற சத்தம் கேட்குமோ என்று. கேட்கவில்லை. திருகாணியைத் தளர்த்தி எடுத்தபோது காசு தட்டையாக இருந்தது. வளைவு இருந்த இடத்தில் மயிரிழை போல் இரண்டு கோடு மட்டும் மிச்சம்.

“பார்த்தியா” என்றான் கிளைவ். அவள் மூச்சை விட்டாள்.

உள்ளே போய் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, ஒரு கிண்ணத்தில் காசைப் போட்டாள். கறுப்பு மெல்ல மெல்லப் புகை மாதிரி விலகியது. பாதியில் எடுத்துப் பார்த்தாள். கன்னமும் நெற்றியும் வெளுத்து, தலைமயிர் மடிப்பிலும் எழுத்துகளின் ஓரத்திலும் கறுப்பு நின்றது. இருந்ததிலேயே அதுதான் நன்றாக இருந்தது. கிழவன் முகத்தைக் கழுவித் துண்டால் ஒற்றிவிட்ட மாதிரி. இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தாள். துணியில் வைத்துத் துடைக்கவும் செய்தாள்.

பிறகு டெஸ்மண்டின் குரல் நினைவுக்கு வந்தது. பளபளன்னு இருக்கணும். கறுப்பு இருக்கிறதே, நான் சொன்னதைச் செய்யவில்லையே என்பார். கோதுமை, வயல், ஒரு வார்த்தை. காசை மறுபடியும் கிண்ணத்தில் போட்டாள். சோடா மாவையும் தொட்டுக்கொண்டு, பிள்ளைகள் பல் தேய்க்கிற மெல்லிய பிரஷ்ஷால் ராஜாவின் தலைமயிரை ஒவ்வொரு மடிப்பாகத் தேய்த்தாள்.

முடிந்தபோது அது புதுக் காசாக இருந்தது. அவளால் அதை அடையாளம் காண முடியவில்லை. தெருவில் யாராவது நீட்டியிருந்தால், நான் தோண்டியது இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை ஹவ்லெட் வீட்டில் பந்தல்காரர்களின் சத்தம். புல்வெளியில் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். அடுக்களையில் இமோஜென் தலையில் சுருள்களோடு உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். டெஸ்மண்ட் நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தார். ரோவீனா கோட்டைக்கூடக் கழற்றாமல் தீப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.

இமோஜென்தான் முதலில் திறந்தாள்.

“அடடா, எவ்வளவு அழகா இருக்கு. அப்பா, இங்க பாருங்க. என் சிநேகிதி லெட்டீஷியா கல்யாணத்துக்குக் கடையில வாங்கினாங்களே, வெல்வெட் டப்பாவுல வரும், அச்சு அசல் அதே மாதிரி இருக்கு.”

டெஸ்மண்ட் டீக்கோப்பையை வைத்தார். காசை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். கட்டைவிரலால் ஒரு பக்கம் தடவினார், திருப்பி மறு பக்கம் தடவினார்.

“இது அந்தக் காசா?”

“அதேதான் டெஸ்மண்ட்.”

“அது கறுப்பா இருந்துது.”

“நீங்கதான் துலக்கச் சொன்னீங்க.”

“சொன்னேன். நான் சொல்லலேன்னு சொல்லலை.” அவர் இன்னும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். “தினம் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி எடுத்துப் பார்ப்பேன். மூக்கு இப்படி இல்ல. அது இன்னும் பெருசா இருந்துது.”

“அழுக்கு போனதுல அப்படித் தெரியுது. இருங்க.” ரோவீனா போனை எடுத்தாள். படத்தைக் கண்டுபிடித்து நீட்டினாள். “துலக்கறதுக்கு முன்னாடி எடுத்தது. கொட்டகையிலேயே எடுத்தேன்.”

இமோஜென் எட்டிப் பார்த்தாள். “இது வேற ஏதோ மாதிரி இருக்கே, ரோ” என்றாள். உடனே, “அதாவது, அப்போ எப்படி இருந்துருக்கு பாருங்கன்னு சொல்றேன்” என்றாள்.

“அந்தப் படத்துல இருக்கிறதுதான் என்னுது” என்றார் டெஸ்மண்ட்.

“கோட்டைப் பாருங்க. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. அதுதான் வளைவு இருந்த இடம். வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா தெரியும்.”

அவர் சாய்த்துப் பிடித்தார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார். “கீறல் இருக்கு. எந்தப் பழைய காசுல கீறல் இல்ல?”

“கிளைவைக் கேளுங்க. அவன்தான் சூடு காட்டி நிமித்தினான். கூடவே நின்னுட்டு இருந்தேன்.”

“கிளைவ் உன் புருஷன், ரோவீனா.”

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ரோவீனா போனைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். மியூசியத்துப் பெண்ணிடம் போயிருந்தால், எடையும் படமுமாக ஒரு மூன்றாம் மனிதர் வாய் இருந்திருக்கும். பஸ்ஸில் ஏறியிருக்கலாம். பாதிரியார் வீட்டுப் படிக்கட்டு ஒரு வாரம் தூசியோடு கிடந்தால் யார் செத்துவிடப் போகிறார்கள். கறுப்பு பாதி நின்றபோதே கிண்ணத்திலிருந்து எடுத்திருக்கலாம். அந்தக் கறுப்பு இருந்திருந்தால் அவரே அடையாளம் கண்டிருப்பார். அவருக்குப் பயந்து அவர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்ததில், சொன்னதைச் செய்தாள் என்பதற்கே சாட்சி இல்லாமல் போய்விட்டது.

“அப்பா” என்றாள் இமோஜென். “ரோவை எனக்கு ஸ்கூல் போற நாளிலேர்ந்து தெரியும்.”

“யாரும் ஒண்ணும் சொல்லலையே. கேக்கறேன், அவ்வளவுதான். கேக்கக் கூடாதா?”

“கேக்கற மாதிரியா கேக்கறீங்க?”

வெளியிலிருந்து பந்தல்காரன் மணப்பெண்ணைக் கூப்பிட்டான். வாசல் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரிய வேண்டுமாம். இமோஜென் ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தாள். போகிற போக்கில் ரோவீனாவின் கையை ஒரு அழுத்து அழுத்தினாள். அந்த அழுத்தம் ஆறுதலா, அனுதாபமா என்று ரோவீனாவுக்குப் பிடிபடவில்லை. திருடியைக்கூடச் சிலர் அப்படித்தான் கையைப் பிடித்து அழுத்துவார்கள்.

இப்போது அறையில் அவர்கள் இருவர்தான்.

“செருப்புக்குள்ள போடுவீங்கல்ல?” என்று கேட்டாள்.

“போடணும். வேற என்ன செய்யறது. நாளைக்குக் கல்யாணத்தை வெச்சுக்கிட்டு.” டெஸ்மண்ட் காசைத் தீப்பெட்டியில் போட்டு மூடினார். “நல்லாத்தான் இருக்கு. அவங்களுக்கெல்லாம் பிடிக்கும்.”

“டெஸ்மண்ட், என்னைப் பாருங்க. உங்க நிலத்துல கிடைச்ச எதையும் நான் உங்ககிட்டக் காட்டாம இருந்ததில்ல. ஒரு பொத்தான்கூட.”

“காட்டினதெல்லாம் பார்த்தேன்” என்றார் அவர்.

அதற்குமேல் அவள் சத்தியம் செய்யலாம், அழலாம். இரண்டும் அவளுக்கு வராது. பணத்துக்காகச் செய்திருப்பேனா, இதன் விலை உங்கள் முள்கரண்டி ஒன்றுக்குக்கூட ஆகாதே என்று சொல்ல வாய் எடுத்தாள். சொன்னால் அவருடைய காசை மட்டமாகப் பேசியதாக ஆகும். கோட்டின் பொத்தானைக் கழற்றினாள், மறுபடியும் போட்டாள். இதை இப்போது கேட்கக் கூடாது, கல்யாணம் முடியட்டும், நாலு நாள் ஆறட்டும் என்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் கேட்காமல் அந்த நாலு நாளை எப்படிக் கழிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“கோதுமை எடுத்ததும் சாப்பல் வயலுக்கு நான் வரலாமில்ல?” என்றாள். “முன்னாடி சொன்னீங்களே.”

டெஸ்மண்ட் தீப்பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மிச்சமிருந்த டீயைத் தொட்டியில் கொட்டிவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்தார். பந்தல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு, வாசலில் கிடந்த பூட்ஸை மாட்டியும் மாட்டாமலும் வெளியே போய்விட்டார்.